தூங்குகிற அப்பா

எங்கள் வீட்டில் கட்டில் ஒன்றுதான். ராத்திரியில் நானும் மகளும், பகலில் அவர். எனக்கு பிஸ்கட் கம்பெனியில் பாக்கிங் வேலை. அவருக்கு நூல் மில்லில் நைட் ஷிஃப்ட். நான் கிளம்பும்போது அவர் வருவார், அவர் கிளம்பும்போது நான் வருவேன். வாசலில் செருப்பு மாட்டுகிற நேரத்தில்தான் நாங்கள் குடும்பம் நடத்துகிறோம். வார லீவிலும் ஓவர்டைம். மில்லில் மெஷின் நிற்பது வருஷத்தில் ஒரே நாள், மே ஒன்று. உழைக்கிறவனுக்கு மரியாதையாம்! மற்ற நாளெல்லாம் அந்த மரியாதை எங்கே போகிறதாம்?

நாலு வயது மகளுக்கு நான் சொல்லிக்கொடுத்த முதல் பாடம், "அப்பா தூங்குறாரு, சத்தம் போடாதே." மத்தியானம் பக்கத்து வீட்டு அக்கா சாப்பாடு ஊட்டி உள்ளே விட்டதும், நேராகப் போய் அவர் காதோரம் உட்கார்ந்துவிடுவாள்.

"ஊர்க்கதை பூரா சொல்றா உன் பொண்ணு. அந்த மனுஷன் குறட்டையிலயே பதில் சொல்றாரு" என்று அக்கா சிரித்தாள்.

அதை அவரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "ஒருநாளாவது முழிச்சிருந்து கேக்கணும்டி" என்றார்.

இந்த மே ஒன்றாம் தேதி முகம் மழித்து, நல்ல சட்டை போட்டு, பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்தார். "பாப்பா, அப்பாகிட்ட கதை சொல்லுடா." அவள் என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். பலூன் வாங்கி வந்தார், யானை மாதிரி குனிந்து முதுகில் ஏறச் சொன்னார். ம்ஹூம். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும்.

"யாரோ மாதிரி பாக்குறாடி" என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அந்த மில்லையே கொளுத்தியிருப்பேன்.

மத்தியானம் அவர் தோற்றுப்போய்ப் படுத்தார். கண்ணை மூடியதும் அவள் பூனை மாதிரி கட்டிலில் ஏறினாள். காதில் வாயை வைத்தாள். அவர் அவசரமாகப் பொய்க் குறட்டை விட்டார். நான் கதவோரம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"அப்பா, இன்னைக்கு நீ முழிச்சிட்டே இருந்தியா, எனக்கு ஒரே பயமாயிடுச்சு" என்றாள். "நாளைக்கும் இப்படியே தூங்கிடு, என்ன? உங்கிட்ட சொல்ல நெறைய இருக்கு."

அவர் கண்ணோரம் நீர் வழிந்து தலையணை நனைந்தது. குறட்டையை மட்டும் அவர் நிறுத்தவே இல்லை.