மெம்பர் பார்க்காத குழி

வரதன் தலைமாட்டிலும் தனகோடி கால்மாட்டிலும் கை கொடுத்துத் தூக்கிவிட்டார்கள். தாவீது ஒன்றும் கனமில்லை. வார்டின் வாசற்படியைத் தாண்டிக் காலை வெளியே வைத்தபோதுதான் இல்லத்துச் சூப்பிரண்டு கிரிதர் மூச்சு வாங்க வந்து குறுக்கே நின்றார்.

"கொஞ்சம் கீழ வைங்க. இப்ப எடுத்துட்டுப் போக முடியாது."

தூக்கிய பிணத்தைத் திரும்பக் கீழே வைக்கக் கூடாது என்பது அவர்கள் காலனியில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். வரதன் வைக்கவில்லை. அண்ணன் தலையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அப்படியே நின்றான்.

"இன்னா சார் சொல்றீங்க? கூட்டிகினு போவத்தானே போன் பண்ணீங்க?"

"தகவல் சொல்லத்தான் போன் பண்ணோம். பாடிய வெளிய குடுக்கணும்னா இல்லத்தப் பாத்துக்கற போர்டுல ஒரு மெம்பர் வந்து பாக்கணும். அது ரூல்."

"எதப் பாக்கணும்?"

"குழிய."

தனகோடிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவன் வரதனின் மனைவி பாப்பாவின் தம்பி. அணுபுரம் பக்கம் வேன் ஓட்டுகிறவன். "மச்சான், குழிய வந்து பாக்கறதுக்கு மெம்பராம்" என்றான். பிறகு கிரிதரின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை முழுங்கிக்கொண்டான்.

கடைசியில் கீழே வைக்கத்தான் வேண்டியிருந்தது. வராந்தாவில் ஒரு பெஞ்சு கிடந்தது. அதில் கிடத்தினார்கள். பாப்பா முந்தானையால் தாவீதின் முகத்தில் ஈ உட்காராமல் விசிறினாள்.

குழி தயாராக இருந்தது. அதுதான் வரதனுக்குத் தாங்கவில்லை. முந்தின நாள் சாயங்காலம் டீக்கடைக்குப் போன் வந்ததிலிருந்து அவன் பயந்ததெல்லாம் ஊருக்குத்தான். பெருநோய் என்று தாவீதைப் பதினேழு வயசில் வண்டி ஏற்றி அனுப்பிய ஊர். நோய் எப்போதோ தீர்ந்துவிட்டது, ஆனால் போன விரல்கள் வரவில்லை, தாவீதும் வரவில்லை. இருபத்தைந்து வருசம் செங்கல்பட்டுக்கு வெளியே இந்த இல்லத்திலேயே இருந்துவிட்டான். அம்மாவுக்குப் பக்கத்தில் அவனைப் புதைக்கக் கேட்டால் சபையில் என்ன சொல்வார்களோ என்று வரதன் கேட்கவே இல்லை. விடிகாலையில் மண்வெட்டியோடு போய்க் கல்லறைத் தோட்டத்தில் வெட்ட ஆரம்பித்துவிட்டான். வெட்டின குழியைப் பார்த்துக்கொண்டு வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் வாய் வராது என்பது அவன் எண்ணம். கான்ட்ராக்டரிடம் வேலை கேட்பதும் அவன் அப்படித்தான். முதலில் புல்லை வெட்டிவிடுவான், பிறகுதான் போய் நிற்பான்.

சபையின் மூப்பர் ரவிச்சந்திரன் வந்தார். வரதன் இடுப்பளவு மணலில் நின்றபடி நிமிரவே இல்லை. அவர் சுற்றிவந்து பார்த்துவிட்டு, "தோள் பக்கம் இன்னும் கொஞ்சம் அகலமா எடுடா. உங்க அண்ணாத்த ஆளு அகலம்" என்று மட்டும் சொல்லிப் போனார்.

அவ்வளவு சுலபமாக முடிந்துவிட்டது. கடற்காற்றில் மணல் சரியாமல் இருக்கப் பனமட்டை அண்டை கொடுத்துவிட்டு, வேனில் ஏறி, திருக்கழுக்குன்றம் வழியாக இங்கே வந்தார்கள். வழி நெடுக வரதன் வாயே மூடவில்லை. இங்கே வந்து இப்படி.

"மெம்பர எப்ப சார் கூப்புடுவீங்க?" என்றாள் பாப்பா.

கிரிதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கெட்ட மனுசன் இல்லை. அதனால்தான் அவரைத் திட்டவும் முடியவில்லை.

"மெம்பரே இல்லம்மா. ஆனி மாசம் போர்டையே கலைச்சிட்டாங்க. துறையோட சேக்கப் போறோம்னு சொன்னாங்க, இன்னும் சேக்கல. நாங்க இப்ப யாருக்குக் கீழ இருக்கோம்னு எங்களுக்கே தெரியல."

"போர்டு பூட்ச்சுன்னா ரூலும் பூட்ச்சு தானே?"

"அப்படி இல்ல. ரூல எடுக்கணும்னாலும் போர்டுதான் எடுக்கணும்."

"உயிரோட இருக்கசொல்ல ஒரு மெம்பரும் இவர எட்டிப் பாத்ததில்ல. செத்தப்பறம் வந்து பாக்கணுமா? இன்னா நாயம் சார் இது?"

அவர் ஆபீசுக்குள் போனார். வரதனும் பின்னாலேயே போய் வாசலில் நின்றான். மெட்ராசுக்குப் போன் போட்டார். யாரோ யாரிடமோ கொடுத்தார்கள். "ஆமா சார்... இல்ல சார், ஃபைல் உங்ககிட்ட வரலைன்னா எங்க இருக்கும்... சரிங்க சார்." இன்னொரு எண்ணைச் சுற்றினார். இந்தத் தடவை குரல் இன்னும் தணிந்துபோனது. வைத்துவிட்டு வரதனைப் பார்த்தார்.

"பழைய மெம்பர் ஒருத்தர் படூர்ல இருக்கார். மனசிருந்தா வந்து பாத்துட்டுப் போங்கன்னேன். 'நான் இப்ப யாருய்யா, வந்து நின்னா எனக்குத்தான் வம்பு'ங்கறார்."

"நீங்க வாங்க சார். வேன் கீது. நீங்களே பாருங்க. நான் பொய் சொல்லல. ஆளு உயரத்துக்கு வெட்டி வெச்சிருக்கேன்."

"நான் பாத்தா செல்லாதுப்பா."

"ஆஸ்பத்திரில போட்டு வெக்க முடியாதா? போர்டு வர வரைக்கும்?"

"போலீஸ் கேஸ் இருந்தாத்தான் வைப்பாங்க. சாயங்காலத்துக்குள்ள இங்க பின்னாடியே அடக்கம் பண்ணியாகணும். எனக்கு வேற வழி தெரியல."

வராந்தாவுக்குத் திரும்பியபோது தனகோடி காதோரம் வந்தான். "மச்சான், பேஜாரு எதுக்கு? நான் வேன ரிவர்ஸ்ல கொண்டாந்து நிறுத்தறேன். தூக்கிப் போட்டுகினு போய்கினே இருப்போம். எவன் தொரத்துவான்?"

வரதன் பெஞ்சு பக்கம் குனிந்தான். குனிந்தவன் நிமிர்ந்து பார்த்தால் கேட்டருகே ஆட்கள் நிற்கிறார்கள். இல்லத்து ஆட்கள். சமையலறையிலிருந்தும் வார்டுகளிலிருந்தும் ரப்பர் செருப்பை இழுத்துக்கொண்டு ஒவ்வொருவராக வந்து நின்றிருந்தார்கள். யாரும் கதவைச் சாத்தவில்லை. சும்மா நின்றார்கள்.

அண்ணனோடு அடுத்த கட்டிலில் படுத்திருந்த ராஜாராம் முன்னால் வந்தார். "தம்பி, நீ நல்லவன். ஞாயித்துக்கிழமையில கருவாடு எடுத்துகினு வந்து ஒக்காந்துட்டுப் போவ. எங்களுக்குத் தெரியும். ஆனா உனக்குப் பின்னால ஒருத்தன் வருவான் பாரு, அவன் நல்லவனா இருக்கணுமே."

வரதனுக்குப் புரியவில்லை. அவர்கள் நடுவிலிருந்து சௌந்தரவல்லி வந்தாள். கோயில் உத்தியோகக் குடும்பத்தில் பிறந்து, கல்யாணமாகிப் புருசன் வீட்டார் இங்கே கொண்டுவந்து விட்டுப்போனவள். இல்லத்தில் அவளுக்கு முந்தி வந்தவர்கள் யாரும் இப்போது உயிரோடு இல்லை.

"நான் வந்தப்ப போர்டெல்லாம் கிடையாது" என்றாள், பெஞ்சின் காலடியில் உட்கார்ந்தபடி. "கலெக்டர் எப்பவாவது ஜீப்ல வருவார். கேட்டுக்கு அந்தப் பக்கமே நின்னு பாத்துட்டுப் போயிடுவார். அப்ப யார் செத்தாலும் சொந்தக்காரா வந்து அழுதுண்டு கேப்பா, இவாளும் தூக்கிக் குடுத்துடுவா. ஊருக்குள்ள விடமாட்டான்னு பாதி வழியில தெரியும். என்ன பண்ணுவா? பாலாத்து மணல்ல போட்டுட்டுப் போயிடுவா. உங்க அண்ணாவோட சிநேகிதன் ஒருத்தன் அப்படித்தான் கிடந்தான். நாய் இழுத்துண்டு வந்த கையப் பாத்துதான் எங்களுக்கே தெரிஞ்சுது. வேற யாருக்கு அந்த மாதிரி கை?"

பாப்பா விசிறுவதை நிறுத்தினாள்.

"அதுக்கப்புறம்தான் போர்டு வந்தது. அவா உள்ள வந்தா. எங்க பெஞ்சில உக்காந்தா. எங்க சோத்த வாங்கிச் சாப்பிட்டுப் பாத்தா. என்ன வேணும், கேளுங்கோன்னா. நான் போர்வை கேட்டேன். ராஜாராம் செருப்பு கேட்டார். தாவீது எழுந்து நின்னான். 'நாங்க செத்தா யார் வந்து கேட்டாலும் குடுக்காதீங்க. உங்கள்ல ஒருத்தர் போயி, குழி வெட்டிக் கீதா, ஊர் ஒத்துக்கினுச்சான்னு கண்ணால பாத்துட்டு அப்பறம் குடுங்க'ன்னான். அவன் கேட்டு வாங்கின ரூல்ப்பா இது."

வரதன் அண்ணன் முகத்தைப் பார்த்தான்.

"போனாங்களா?" என்று பாப்பாதான் கேட்டாள். "மெம்பருங்க போனாங்களா?"

"ஆரம்பத்துல போனா. மழையில குடையப் பிடிச்சிண்டு குழி ஓரமா நின்ன மெம்பரம்மா ஒருத்தி இருந்தா. அப்புறம் கட்சிக்காராளப் போட்டா. அவா காருக்கும் மாலைக்கும் வந்தா. அப்புறம் அதுவும் இல்ல. ஆனா ரூல் நின்னுது. யாரையும் மணல்ல போடல."

வரதனுக்குக் கேட்க ஒன்று இருந்தது. அண்ணன் அதைக் கேட்டு வாங்கிய வருசத்தில் அவனுக்கென்று இருந்தது அப்பாவும் தானும்தான். வேறு யார் வந்து அழுதுகொண்டு கேட்கப் போகிறார்கள் என்று அவன் எழுந்து நின்றான்? கேட்டால் யாராவது பதில் சொல்லிவிடுவார்களோ என்று இருந்தது.

"வேன எடுத்தாறட்டா மச்சான்?" என்றான் தனகோடி.

"வேணாம்."

சாயங்காலம் வெயில் சாய்ந்ததும் பின்பக்கத்துக்குத் தூக்கிப் போனார்கள். வேப்பமரத்துக்கு அப்பால் அங்கே ஏற்கெனவே ஒரு குழி காத்திருந்தது. விரலில்லாத கைகளால் ஒரு குழி வெட்டி முடிக்க நாள்கணக்காகும். செத்தபின் ஆரம்பித்தால் ஆகாது. அதனால் இல்லத்தில் எப்போதும் ஒன்றை முன்கூட்டியே வெட்டி வைத்திருப்பார்கள். யாருக்கு என்று சொல்லி வெட்டுவதில்லை. ஓரங்கள் கோணலாக, ஆழம் குறைவாக இருந்தது. தோள் பக்கம் அகலம் போதவில்லை. வரதன் உள்ளே இறங்கி அண்ணனை ஒருக்களித்த மாதிரி வாங்கிக் கிடத்தினான். போதகர் ஊரில் காத்திருந்ததால் பாப்பாதான் ஜெபம் சொன்னாள். கிரிதர் செருப்பைக் கழற்றிவிட்டுத் தள்ளி நின்றார்.

மண் தள்ளி முடிந்தது. வரதன் ஊர்க்குழியை நினைக்காமல் இருக்கப் பார்த்தான். முடியவில்லை. இந்நேரம் மூப்பர் ஆட்களோடு அங்கே வந்து நின்றிருப்பார்.

யாரும் கலைந்து போகவில்லை. ராஜாராம் இரண்டு அடி தள்ளிக் காலால் தரையில் கோடு இழுத்தார். மண்வெட்டியின் காம்பில் துணி வளையம் ஒன்று கட்டியிருந்தது. மணிக்கட்டை அதற்குள் நுழைத்துக்கொண்டு ஓங்கிப் போட்டார். செம்மண்ணும் சரளையும் கலந்த தரை. கைப்பிடி மண்தான் பெயர்ந்தது. மறுபடி போட்டார்.

வரதன் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு போய்க் கை நீட்டினான். ராஜாராம் அவனைப் பார்த்தார். மணிக்கட்டை உருவிக்கொண்டு மண்வெட்டியைக் கொடுத்தார்.

அவன் வெட்டினான். சரளையில் இரும்பு பட்டுத் தீப்பொறி பறந்தது. கோட்டை அழித்துத் தோள் பக்கம் அகலமாகப் போட்டுக்கொண்டான். முழங்கால் இறங்கியது, தொடை இறங்கியது. முதுகில் சட்டை ஒட்டிக்கொண்டது. பாப்பா வேனிலிருந்து கூப்பிட்டாள். தனகோடி வந்து மேட்டில் குந்தினான்.

"மச்சான், அங்க வெட்டி வெச்சது இன்னா பண்றது? தெறந்தே போட்டுட்டு வந்துட்டோமே. எல்லாரும் காத்துகினு இருப்பாங்க."

வரதன் நிமிரவில்லை. பெயர்த்த மண்ணை வாரி மேலே எறிந்தான்.

நன்றாக இருட்டியபோது இடுப்பளவு வந்துவிட்டது. ராஜாராம் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து குழியின் ஓரத்தில் மண்டியிட்டார். சொம்பை இரண்டு மணிக்கட்டுகளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு அசையாமல் காத்திருந்தார். வரதன் மண்வெட்டியைச் சாய்த்துவிட்டு இரண்டு கைகளையும் குவித்து நீட்டினான். அவர் மெல்லச் சாய்த்தார். ஒரு சொட்டும் வெளியே சிந்தவில்லை.