ஈர வலையின் எடை

சவப்பெட்டியை ஆறு பேர் சுமந்தார்கள். ஆறு பேருடைய கண்ணும் ஏரிப் பக்கமே இருந்தது.

அவர்களைக் குற்றம் சொல்வதற்கில்லை. அன்று ஜூன் பதினாறு. மூன்று மாதமாகச் சட்டம் கட்டிப்போட்டிருந்த தூண்டில்கள் அவிழ்கிற நாள். ஹாலிமியர் தூண்டில் சங்கத்தில் அந்தத் தேதியில் எவரும் கல்யாணம் செய்துகொண்டதில்லை, பல் பிடுங்கிக்கொண்டதில்லை. பிரசவத்தைக்கூட மனைவிமார் முன்னே பின்னே தள்ளிவைத்ததாகக் கேள்வி. அப்படிப்பட்ட நாளில் க்ளெம் டஃப்லியை அடக்கம் செய்ய வேண்டியதாகிவிட்டது. பாதிரியாருக்கு வேறு நாள் ஒழியவில்லை. பாதிப் பேர் விடியற்காலையிலேயே ஒரு கை பார்த்துவிட்டு, கறுப்புக் கோட்டுக்குள் புழு வாசனையோடு கல்லறைத் தோட்டத்துக்கு வந்திருந்தார்கள். கரையில் க்ளெம் வழக்கமாகத் தூண்டில் போடுகிற இடத்தில் மட்டும் யாரும் உட்காரவில்லையாம். அதுதான் மரியாதை.

இடப்பக்கம் முன்னால் தோள் கொடுத்திருந்தவர் வில்ஃப். க்ளெம்மின் ஒரே தம்பி, அறுபத்தாறு வயது. அவர் முதுகுக்குப் பின்னால் டக்கர் மூச்சு வாங்கிக்கொண்டு கிசுகிசுத்தார்.

"வில்ஃப், அல்லிக்குப் பக்கத்துல பாரேன். குமிழி. பொடிப்பொடியா, சோடா மாதிரி."

"வாயை மூடு டக்கர்."

"டெஞ்ச் மீன்தான்யா. கூட்டமா மேயுது. க்ளெம் இடத்துல."

"நீ தூக்கிட்டிருக்கிறதே அவனைத்தான்."

"அதான் சொல்றேன். பெட்டி லேசா ஆடுச்சு, கவனிச்சியா?"

பாதிரியார் திரும்பிப் பார்த்தார். ஆறு பேரும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டார்கள்.

குமிழி வந்ததற்குக் காரணம் வில்ஃபுக்குத் தெரியும். அந்த ஏரியில் கோடை வந்தால் தண்ணீரைவிடக் களைதான் அதிகம்; வாத்து நடந்தே அக்கரைக்குப் போகும். முந்தின நாளே இரண்டு பக்கமும் பல் வைத்த வாரியைக் கயிற்றில் கட்டி வீசி, களையை இழுத்துப் போட்டு, மேசை அகலத்துக்குத் தண்ணீரைத் திறந்து வைக்க வேண்டும். சேறு கலங்கினால் டெஞ்ச் மோப்பம் பிடித்து வரும். நேற்று க்ளெம்மின் இடத்தில் வாரி போட்டது வில்ஃப்தான். இரண்டு மணி நேரம். செத்தவனுக்காக.

அடக்கம் முடிந்து எல்லோரும் ஏரிக்கரையில் இருந்த சங்கக் குடிசைக்கு வந்தார்கள். க்ளெம்மின் மனைவி எட்னா மூலை நாற்காலியில் உட்கார்ந்தாள். பன்றி இறைச்சி சாண்ட்விச்சும் பீரும் சுற்றி வந்தன. வில்ஃப் எந்தப் பக்கம் முதுகைக் காட்டி நின்றாலும் எதிர்ச் சுவரில் இருந்த பலகை அவரையே பார்த்தது. தங்க எழுத்து. 'மிகப் பெரிய டெஞ்ச்: வில்ஃபிரட் டஃப்லி. 8 பவுண்டு 6 அவுன்ஸ். சாட்சி: க்ளெமென்ட் டஃப்லி.' இருபத்தெட்டு வருடமாக அந்த இரண்டு வரிக்கும் அசைவில்லை.

டெஞ்ச் யாரும் தின்கிற மீன் அல்ல. பாசிப்பச்சை உடம்பும் குன்றிமணிக் கண்ணுமாகச் சேற்றோடு சேறாகக் கிடக்கும். பிடிப்பார்கள், நிறுப்பார்கள், முதுகைத் தடவிக்கொடுத்துத் திரும்ப விட்டுவிடுவார்கள். கையில் மிஞ்சுவது எடை ஒன்றுதான். அதனால் எடையில் சங்கம் மகா கறார். மீனின் வழவழப்பு போய்விடாமல் இருக்க வலைப்பையை முதலில் நனைக்க வேண்டும். நனைத்த வெறும் வலையைத் தராசில் மாட்டி அதன் எடையைக் கழித்துக்கொள்ள வேண்டும். பிறகுதான் மீன்.

அந்தப் பலகை மீனைப் பிடித்த காலையில் வில்ஃப் கழிக்கவில்லை. ஏமாற்ற நினைத்து அல்ல, மறந்துபோனார். அப்படி ஒரு மீனை ஹாலிமியரில் அதுவரை யாரும் கண்டதில்லை. கன்றுக்குட்டி மாதிரி கிடந்தது. சாட்சிக்கு நின்ற க்ளெம் முள் காட்டியதை உரக்கப் படித்துவிட்டு, சந்தோஷத்தில் தன் தொப்பியைக் கழற்றி ஏரிக்குள் வீசினார். அது மூழ்கியே போயிற்று. தனக்குப் பிள்ளை பிறந்தபோதுகூட அவர் தொப்பியை வீசவில்லை.

மறுநாள் காலை தோட்டத்தில் வலையை அலசிக் காயப்போடும்போது வில்ஃப் சும்மா அதைத் தராசில் மாட்டிப் பார்த்தார். ஆறு அவுன்ஸ். மீன் சரியாக எட்டு பவுண்டுதான். சங்கத்துக்கு ஓடிப்போய்ச் சொல்லியிருக்கலாம். அதற்குள் பலகையில் தங்கப் பூச்சு காய்ந்துவிட்டது. நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தார்.

ஐந்து வருடம் கழித்து க்ளெம் ஒரு மீனைக் கரையேற்றினார். அன்று சாட்சிக்கு நின்றவர் வில்ஃப். தராசின் முள் எட்டு பவுண்டு பத்து அவுன்ஸைத் தொட்டு நின்றது. வில்ஃபின் வாய் தானாகத் திறந்தது.

"வலையைக் கழிச்சியா?"

க்ளெம் நெற்றியில் அடித்துக்கொண்டு சிரித்தார். "அட, மறந்துட்டேன்டா! நீ மட்டும் சொல்லாட்டி ஊரையே ஏமாத்தியிருப்பேன்."

கழித்தார்கள். எட்டு பவுண்டு நாலு அவுன்ஸ். தம்பி மீனுக்கு இரண்டு அவுன்ஸ் குறைவு.

அன்றிலிருந்து க்ளெம்மின் பெயர் 'ரெண்டு அவுன்ஸ்'. தபால்காரர் அப்படித்தான் கூப்பிட்டார். இறைச்சிக் கடைக்காரர் கறி நிறுக்கும்போதெல்லாம், "ரெண்டு அவுன்ஸ் குறையுது க்ளெம், உனக்குப் பழக்கம்தானே?" என்பார். க்ளெம்மும் சேர்ந்து சிரிப்பார். சிரித்துவிட்டு, அடுத்த நாள் இருட்டோடு எழுந்து ஏரிக்குப் போவார். மழையில் போனார், காய்ச்சலில் போனார், இதயத்துக்கு மாத்திரை எழுதிக்கொடுத்த மருத்துவர் வேண்டாம் என்ற பிறகும் போனார்.

போன வாரம் ஆஸ்பத்திரியில் அவர் வில்ஃபின் கையைப் பிடித்துக்கொண்டார். "உன் மீன் எடையைத் தொடாமலே போறேன்டா. என்ன மீன் அது!" வில்ஃப் சொல்லத்தான் போயிருந்தார். காரில் போகும்போது நாலு முறை சொல்லிப் பார்த்திருந்தார். "தலையணையைச் சரி பண்ணட்டுமா?" என்று கேட்டார். சரி பண்ணினார். சாயங்காலத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

குடிசையில் யாரோ கரண்டியால் கிளாஸைத் தட்டினார்கள். செயலாளர் ஹக்கபி எழுந்து நின்றார். கமிட்டிக் கூட்டத்தில் பேசுவதற்கென்றே பிறந்த தொண்டை அவருக்கு.

"நண்பர்களே, நம்ம க்ளெம் பேரு மறையக்கூடாது. அதனால கமிட்டி ஒரு முடிவு எடுத்திருக்கு. இனிமே வருஷா வருஷம் 'க்ளெம் டஃப்லி கேடயம்' குடுக்கப்போறோம்." அவர் காத்திருந்தார். "ரெண்டாவது பெரிய டெஞ்சுக்கு!"

குடிசை அதிர்ந்தது. மேசையைத் தட்டினார்கள். டக்கர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிரியத்தோடுதான் சிரித்தார்கள், அதில் சந்தேகமே இல்லை. எட்னாவும் உதட்டை ஓரமாக இழுத்துக்கொண்டாள், அத்தனை வருடம் பழகிய மாதிரி.

வில்ஃப் எழுந்தார். கால் எழுந்ததா, அவர் எழுந்தாரா என்று தெரியவில்லை.

"என் மீன் எட்டு பவுண்டுதான்."

"என்னப்பா?"

"வலையைக் கழிக்கலை. ஈர வலை ஆறு அவுன்ஸ். க்ளெம்தான் முதல். இருபத்திமூணு வருஷமா அவன்தான் முதல்."

சாண்ட்விச் மெல்லுகிற சத்தம்கூட நின்றது. ஹக்கபியின் மூக்கு சிவந்தது. கண்ணில் தண்ணீர் கட்டியது. அவர் வந்து வில்ஃபைக் கட்டிக்கொண்டார்.

"பார்த்தீங்களாய்யா? தம்பின்னா இவன் தம்பி!"

"நான் நிஜமாத்தான் சொல்றேன்."

"தெரியும்பா, தெரியும். துக்கம்."

"ஒருத்தன் செத்தா உடனே அவன் மீன் பெருசாக ஆரம்பிச்சுடும்" என்றார் டக்கர். "எங்க அப்பா போனப்ப அவர் பிடிச்ச கெண்டை ஒரே வாரத்துல மூணு பவுண்டு ஏறுச்சு."

"பொய் சொல்லலைடா நான்!"

"க்ளெம் சாட்சி, க்ளெம் கையெழுத்து. செத்தவன் கையெழுத்தையே பொய்யாக்கறியா?" ஹக்கபி செல்லமாக அதட்டினார். "எல்லாரும் எந்திரிங்க. வில்ஃபுக்காக!"

எல்லோரும் எழுந்தார்கள். கிளாஸ்கள் உயர்ந்தன. யாரோ வில்ஃபின் கையிலும் ஒன்றைத் திணித்தார்கள். அதைக் கீழே வைத்திருக்கலாம். பலகையைக் கழற்றி ஏரியில் எறிந்திருக்கலாம். அந்த நேரத்தில் அவர் நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று மெல்ல இளகி, 'அப்பாடா' என்றது. அதை அவர் தெளிவாகக் கேட்டார். கேட்டுக்கொண்டே குடித்தார்.

குடித்து முடித்துப் பார்த்தபோது ஒருத்தி மட்டும் எழாமல் இருந்தாள்.

கூட்டம் ஒவ்வொருவராக ஏரிப் பக்கம் நழுவியது. கோட்டைக் கழற்றி மரத்தில் மாட்டிவிட்டுத் தூண்டில்களை எடுத்தார்கள். எட்னா மிஞ்சிய சாண்ட்விச்சுகளைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டிருந்தாள். வில்ஃப் பக்கத்தில் போய் நின்றார்.

"உனக்கு எப்பத் தெரியும்?" தலை நிமிராமல் கேட்டாள்.

"மறுநாள்."

"மறுநாளே."

"காலையில."

அவள் காகிதத்தை மடித்தாள். ஓரம் சரியாக வரவில்லை. பிரித்துத் திரும்ப மடித்தாள்.

"இருபத்திமூணு ஜூன் மாசம்" என்றாள். "எங்க அக்கா கடலோரம் வீடு வச்சிருந்தா. வா வான்னு எழுதிட்டே இருப்பா. இந்த வருஷம் பிடிச்சுடுவேன் எட்னா, அடுத்த வருஷம் போயிடலாம்பார்." பொட்டலத்தின் ஓரத்தை நகத்தால் நீவிவிட்டு, "அக்கா போயி பன்னெண்டு வருஷமாச்சு" என்றாள்.

எட்னா பொட்டலத்தைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே நடந்தாள்.

கரையில் யாருடைய தூண்டிலோ வளைந்து, ஆரவாரம் எழுந்தது. இருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. வில்ஃப் தன் காரின் முன்கதவைத் திறந்துவிட்டு நின்றார். அவள் அதைக் கடந்து போய், பின்கதவைத் தானே திறந்து, பின் இருக்கையில் உட்கார்ந்தாள். பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டாள்.

வண்டி தேவாலயத்தைத் தாண்டியது, பள்ளிக்கூடத்தைத் தாண்டியது. அவர் கண்ணாடியில் பின்னால் பார்த்தார். அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணன் வீடு, நாற்பது வருடமாக ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அவர் சாப்பிடப் போகிற வீடு. கண்ணைக் கட்டிவிட்டாலும் வண்டி போய்ச் சேரும்.

"அடுத்த முக்குல இடது பக்கம்" என்றாள் எட்னா. "வெள்ளைக் கதவு போட்ட வீடு."

"சரி" என்றார் வில்ஃப். திரும்புகிற விளக்கைப் போட்டு, வேகத்தைக் குறைத்து, இடது பக்கம் திரும்பினார்.