பன்னிரண்டு காம்பரா

ரமேஸின் முகத்தில் முதல் கட்டையடி விழுந்தபோது அவன் தங்கை யசோதினி கலஹா பஸ்ஸிலிருந்து இறங்கி, மாலுபனிஸ் வாங்கிய பையைக் கைமாற்றிப் பிடித்துக்கொண்டு, தோட்டத்து ஆட்கள் குடியிருக்கிற லயத்துக்கு ஏறும் குறுக்குப் பாதையில் பாதி தூரம் வந்திருந்தாள். தகரம் கிழிகிற சத்தம் கேட்டது. அதற்கு மேலே பொம்பளைகளின் ஓலம். யாரோ செத்துவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தாள். சாவு வீட்டில் எஞ்சின் எதற்கு உறுமுகிறது? பை கையை விட்டுப் போனது அவளுக்குத் தெரியவில்லை. தேயிலைச் செடிகள் காலைக் கீறக் கீற, பாதையை விட்டு நேர்குத்தாக மேலே ஓடினாள்.

லயத்தின் கடைசிக் காம்பராவின் கூரையில் மண் அள்ளுகிற ஒரு மஞ்சள் பெக்கோ வாயை வைத்திருந்தது. அது இராஜேஸ்வரி அக்காவின் காம்பரா. சாமிப் படமும் சோற்றுப் பானையும் சுவர் இடிந்த தூளுக்குள் கிடந்தன. பக்கத்தில் ஒரு சின்ன லொறி. கட்டையும் கம்பியுமாக ஏழெட்டுப் பேர். அவர்களுக்கு நடுவில் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு யோகராஜ். கண்டியில் காணி வாங்குகிறவர்களுக்கு ஆட்களைக் கிளப்பிக் கொடுப்பதுதான் இவன் தொழில். நல்லபடியாகச் சொன்னால் போகிறவர்களை லொறியில் ஏற்றுவான், போகாதவர்களை அடித்து ஏற்றுவான். ரமேஸ் வாசல் இஸ்தோப்பு ஓரத்தில் உட்கார்ந்து இடது கண்ணைப் பொத்திக்கொண்டிருந்தான். விரல் இடுக்கு வழியாக இரத்தம் வந்து முழங்கையில் சொட்டிக்கொண்டிருந்தது.

"ஒரு வீட்டுக்கு எத்தன பேருடா வந்து நிப்பீங்க?" யோகராஜ் தொண்டை கிழியக் கத்தினான். "ஒரு குடும்பத்த ஏத்தத்தான் நான் லொறி கொண்டாந்திருக்கேன். மத்ததெல்லாம் யாரு? நட்டஈடு வாங்குறதுக்கு வெளிய இருந்து ஆள் எறக்கியிருக்கீங்களா?"

"நாங்க பன்னெண்டு குடும்பம்யா. பொறந்ததுல இருந்து இங்கதான் கெடக்கோம்," என்றாள் இராஜேஸ்வரி.

"பொய் சொன்னீன்னா பல்லு இருக்காது. இங்க இருக்கிறது ஒரே ஒரு வீடு. இந்தா, படத்துல கெடக்கு பாரு!" அவன் போனை அவள் மூக்குக்கு நேரே நீட்டினான். இராஜேஸ்வரி அந்தக் கையைத் தட்டிவிட்டாள். அவ்வளவுதான். பக்கத்தில் நின்றவன் கட்டையால் அவள் வயிற்றில் ஓங்கிக் குத்தினான். சத்தமே வராமல் மடிந்து விழுந்தாள் அவள். பிறகு யார் யாரை அடித்தார்கள் என்று சொல்ல முடியாது. கல் பறந்தது, விறகுக்கட்டை பறந்தது, ஒருத்தி மண்வெட்டிப் பிடியால் ஒருவன் காதைப் பிளந்தாள், அவளை இரண்டு பேர் தலைமயிரைப் பிடித்துப் தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரை வரை இழுத்துப் போய் அங்கிருந்த கல்லில் மோதினார்கள். யசோதினி ஒருவன் முதுகில் தொங்கி அவன் கழுத்தை நகத்தால் பிறாண்டினாள். அவன் உதறிய உதறலில் வடிகால் கான் ஓரத்தில் போய் விழுந்தாள்.

அப்போதுதான் அங்கம்மா வந்தாள். யசோதினியின் அம்மா. ஐந்தடி கூட இருக்க மாட்டாள், கொழுந்துக் கூடை சுமந்து சுமந்து கழுத்து முன்னால் நீண்டுபோனவள். கையில் அவள் புருஷன் கணபதி விட்டுவிட்டுச் செத்துப்போன கவ்வாத்துக் கத்தி. தேயிலை மரத்தை ஒரே வீச்சில் சரிக்கிற கத்தி அது. அவள் திட்டவும் இல்லை, அழவும் இல்லை. நேரே போய் யோகராஜின் போன் பிடித்த கையில் போட்டாள். வெள்ளைச் சட்டைக் கை தோள் மூட்டு வரை சிவந்தது. "அம்மோ!" என்று அலறினான் பாருங்கள், அதுவரை அவன் போட்ட கூச்சலெல்லாம் ஒன்றுமே இல்லை. அடியாட்கள் அவனைத் தூக்கி, ஒரு குடும்பத்துக்காகக் கொண்டுவந்த அந்த லொறியிலேயே போட்டார்கள். "நாளைக்கு விடிய வாறோம்டி. ரெண்டு மெஷினோட வாறோம். ஒரு செங்கல்லு நிக்காது!" என்று ஒருவன் கத்திக்கொண்டே போனான். பெக்கோவும் பின்னாலேயே உருண்டு போனது.

போன் கானுக்குள் கிடந்தது, யசோதினி விழுந்த இடத்துக்குப் பக்கத்திலேயே. கண்ணாடி கீறியிருந்தாலும் திரை எரிந்துகொண்டிருந்தது. எடுத்துப் பார்த்தாள். அவளுக்குத் தெரிந்த படம். அவளே உட்கார்ந்து செய்த படம். மலை முழுக்கக் கரும்பச்சை, நடுவில் ஒரே ஒரு புள்ளி. புள்ளியைத் தொட்டால் எழுத்து வந்தது: வீடு ஒன்று, காம்பரா பன்னிரண்டு.

யசோதினி வேலை செய்வது கட்டுகஸ்தோட்டைப் பக்கம், ஸ்ரீதரன் என்பவர் நடத்துகிற ஒரு சின்ன நிறுவனத்தில். குடியிருக்க எந்த இடம் எவ்வளவு கவர்ச்சியானது என்று கணினியில் வரைபடம் போட்டு, மார்க் கொடுத்து, காணி வாங்குகிறவர்களுக்கு விற்பது அங்கே தொழில். காற்று, தண்ணீர், ரோட்டுத் தூரம், மலைக்காட்சி, சனநெருக்கம் என்று ஒவ்வொன்றாக அடுக்கிக் கொடுத்தால், மென்பொருள் எல்லாவற்றையும் கூட்டிக் கழித்து ஊருக்கு நிறம் பூசிவிடும். சிவப்பென்றால் ஆகாது, பச்சையென்றால் ஆகும், கரும்பச்சையென்றால் கொழும்பிலிருந்து கார் போட்டு வருவார்கள். சும்மா சொல்லக் கூடாது, யசோதினிக்கு அந்த வேலை மேல் உயிர். லயத்தில் பிறந்த பிள்ளை ஏசி அறையில் உட்கார்ந்து ஊருக்கெல்லாம் மார்க் போடுகிறது என்று ரமேஸ் தன் ஆட்டோவில் ஏறுகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

கலஹாப் பக்கம் வீடுகளைக் குறிக்கிற வேலை வந்தபோது அவளே கேட்டு வாங்கிக்கொண்டு வந்தாள். ஒரு கூரைக்கு ஒரு புள்ளி வைக்க வேண்டும், லயம் முழுக்க ஒரே நீளக் கூரை என்பதால் அதற்கு ஒரு புள்ளிதான். வைத்ததும் போன் கேள்வி கேட்கும். வெளிவேலைக்குப் போகிற பிள்ளைகளுக்குச் சுலபமாக இருக்கட்டும் என்று கேள்விகளைத் தமிழில் எழுதிக் கொடுத்தவர் ஸ்ரீதரன். கண்டி டவுனில் கடைக்காரர் வீட்டில் பிறந்தவர் அவர். அவருக்குக் காம்பரா என்றால் அறை, படுக்கிற அறை, சாமி அறை, சாமான் போடுகிற அறை. லயத்திலோ காம்பரா என்றால் குடித்தனம். பிறப்பும் சாவும் கலியாணமும் அந்த ஒரு காம்பராவுக்குள்தான். 'காம்பரா எத்தனை?' என்று திரையில் பார்த்ததும் யசோதினிக்கு மனசு குளிர்ந்துவிட்டது. நம்ம பேச்சு கம்ப்யூட்டருக்குள்ளேயும் வந்துவிட்டதே என்று பூரித்துப்போய், யாரையும் ஒரு வார்த்தை கேட்காமல் பன்னிரண்டு என்று போட்டாள். யாழ்ப்பாணத்துப் பிள்ளையோ கொழும்புப் பிள்ளையோ வந்திருந்தால் எத்தனை குடும்பம் என்று கேட்டிருக்கும். இவள் இங்கேயே பிறந்தவள், இவள் எதற்குக் கேட்க வேண்டும்? மென்பொருள் அதைப் பன்னிரண்டு அறை உள்ள ஒரு பெரிய பங்களா என்று படித்தது. இந்தப் பெரிய மலையில் ஒரே ஒரு குடும்பம், நல்ல காற்று, நல்ல காட்சி. பூசு கரும்பச்சை!

ரமேஸைப் பெரியாஸ்பத்திரியில் சேர்த்தபோது நாலு மணியாகிவிட்டது. கண் போனது போனதுதான் என்று டொக்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னார். பொலிசில் முறைப்பாடு கொடுக்கப் போன ஆட்களைத் திங்கட்கிழமை வரச் சொன்னார்களாம். யசோதினி அண்ணனின் காய்ந்த இரத்தத்தோடேயே ஆட்டோ பிடித்து ஆபீசுக்குப் போனாள். ஸ்ரீதரன் தனியாக உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் கோப்பையை வைத்துவிட்டு எழும்பினார்.

"என்னம்மா இது? எக்சிடெண்டா?"

"சேர், காம்பரான்னா என்ன?"

"என்ன கேள்வி இது... ரூம்."

"எங்களுக்கு அதுதான் சேர் வீடு."

அவர் கெட்டவர் இல்லை. அவள் சொல்லி முடிக்கும்போது அவர் முகம் வெளுத்துத்தான் போயிருந்தது. ஆனாலும் முதலில் வாயில் வந்தது வேறு பேச்சு. "இப்ப போய்ப் பிழைன்னு சொன்னா மொத்த ரிப்போட்டையும் தூக்கி மூஞ்சியில அடிப்பாங்க, யசோ. பதினஞ்சு பேர் இத நம்பி சாப்பிடுறோம். கொஞ்சம் பொறுங்க, திங்கக்கிழம பக்குவமா பேசுவோம்."

"திங்கக்கிழம லயம் இருக்காது சேர்."

அவள் தன் கதிரையில் உட்கார்ந்து படத்தைத் திறந்தாள். பழைய புள்ளியை அழித்தாள். ஒரு காம்பராவுக்கு ஒரு புள்ளியாக வைக்கத் தொடங்கினாள். ஸ்ரீதரன் வந்து மௌசோடு அவள் கையை அழுத்திப் பிடித்தார். "தொடாதீங்கன்னு சொல்றேன்ல!" யசோதினி குனிந்து அவர் மணிக்கட்டைக் கடித்தாள். பயமுறுத்துகிற கடி இல்லை, பல் உள்ளே இறங்குகிற கடி. அவர் கத்திக்கொண்டு பின்னால் போய் அலுமாரியில் மோதினார். அவள் வாயில் உப்புக் கரித்தது. துப்பவில்லை. மிச்சப் புள்ளிகளையும் வைத்து முடித்தாள். மென்பொருள் கொஞ்ச நேரம் யோசித்தது. கரும்பச்சை வெளிறி மஞ்சளாகி, பிறகு மலை முழுக்கச் சிவந்தது. குடியிருக்க ஆகாத இடம், இனி எவனும் வாங்க வரமாட்டான். பிறந்த மண்ணுக்கு அப்படி ஒரு மார்க்கைத் தன் கையாலேயே போட்டுவிட்டு, அப்பாடா என்று பெருமூச்சு விட்டாள் பாவி மகள்.

"நீங்க இங்க மாத்தி என்ன?" ஸ்ரீதரன் கையைக் கைலேஞ்சியால் சுற்றிக்கொண்டு சொன்னார். அழுகிற குரல். "காணி வாங்குறவங்க கிட்ட போன படம் போனதுதானே. அது எப்பிடி மாறும்?"

"அப்ப போன் பண்ணிச் சொல்லுங்க."

அவர் மேசையிலிருந்த போனைப் பார்த்தார். எடுக்கவில்லை. அவர் எடுக்கமாட்டார் என்று தெரிந்துகொள்ள அவளுக்கு அதிக நேரம் தேவைப்படவில்லை.

இருட்டுவதற்குள் லயத்துக்குத் திரும்பிவிட்டாள். அங்கம்மா கத்தியை மடியில் வைத்துக்கொண்டு இஸ்தோப்பில் உட்கார்ந்திருந்தாள். யசோதினி ஒன்றையும் மறைக்கவில்லை. எல்லார் முன்னாலும் சொன்னாள். சொல்லி முடித்ததும் அங்கம்மா எழும்பி வந்து பளாரென்று கன்னத்தில் ஒன்று விட்டாள். காது அடைத்துப்போய் நின்றாள் மகள். யாரும் குறுக்கே வரவில்லை, அந்த அடி நியாயம் என்றுதான் அவளுக்கும் பட்டது.

"ஏன்டி, இவ்வளவு படிச்ச மெஷினு," என்றாள் அங்கம்மா, "எத்தன அடுப்புன்னு கேக்கலயா?"

"இல்லம்மா. அது கேக்கல."

"அதான பாத்தேன். அடுப்ப எண்ணாம குடும்பத்த எண்ணினவன் எவன்?" அவள் திரும்பி மற்ற காம்பராக்களைப் பார்த்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்திருந்த இராஜேஸ்வரிதான் முதலில் தலையாட்டினாள். கூரை போன காம்பராவுக்குள் நுழைந்து, தூளுக்குள் கிடந்த சோற்றுப் பானையைத் தேடி எடுத்துத் தட்டினாள்.

விடிந்தபோது மலையில் பனி இன்னும் இறங்கிக் கிடந்தது. பெக்கோ ஏறிவர இருக்கிற ஒரே ரோட்டில், இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரை, ஒரு காம்பராவுக்கு மூன்று கல்லாக வைத்து அடுப்புகள் மூட்டியிருந்தார்கள். எல்லா அடுப்பிலும் நெருப்பு. எல்லா நெருப்பின் மேலும் தண்ணீர் கொதிக்கிற அண்டாவும் சட்டியும். ஒவ்வொரு அடுப்புக்குப் பின்னாலும் அந்தந்தக் குடும்பம் நின்றது, ஆணும் பெண்ணும், விழுந்து எழும்பியவர்களும் கட்டுப் போட்டவர்களும். சோறு வடிக்க அங்கே யாரும் அரிசி போடவில்லை. பச்சை விறகுப் புகை தனித்தனியாக எழும்பி, பனிக்கு மேலே போயும் ஒன்றோடொன்று சேராமல் நின்றது. கீழே டவுனிலிருந்து பார்த்தாலும் எண்ணலாம்.

முதலில் இராஜேஸ்வரிக்குத்தான் கேட்டது. "வாறானுக," என்றாள். வளைவுக்குக் கீழே இரண்டு எஞ்சின்கள் மூச்சுப் பிடித்து ஏறிக்கொண்டிருந்தன. அங்கம்மா கத்தியை அடுப்புக் கல்லில் ஒருமுறை தீட்டினாள். ரமேஸின் ஆட்டோ அடுப்புகளுக்குப் பின்னால் குறுக்கே நிறுத்தியிருந்தது, கண்ணாடியில் அவன் ஒட்டியிருந்த பிள்ளையார் இந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

மஞ்சள் வாய் வளைவில் தலைகாட்டியது. அதற்கு முன்னால் கட்டுப்போட்ட கையோடு நடந்து வந்த யோகராஜ் புகையைப் பார்த்து நின்றுவிட்டான். நின்றவனின் உதடுகள் அசைந்தன. எண்ணுகிறானா, வைகிறானா, இங்கிருந்து தெரியவில்லை. பிறகு அவன் நல்ல கையை உயர்த்தி முன்னால் வரச்சொல்லிக் காட்டினான். சட்டிகளின் மூடிகள் ஆவியில் தடதடவென்று அடித்துக்கொண்டன. யசோதினி முந்தானையை இரண்டாக மடித்து, தன் அம்மாவின் அண்டாவை இரண்டு காதிலும் பிடித்து, நெருப்பிலிருந்து தூக்கினாள்.