ஒன்பதாம் மெஷின்காரியின் ரத்தம்

“சிவப்பா? நல்லா பாத்தியா?”

“என் கண்ணு முன்னாடிதான்க்கா ஒட்டுனாங்க. எனக்கு ஒட்டல, ஜெனிஃபாவுக்கு ஒட்டல. எழிலு ரத்த டியூபுக்கு மட்டும்தான்.”

“அப்ப ரிஜெக்ட்தான்” என்றாள் நசீமுன்னிசா. “புருஷன் லாரி ஓட்டுறானில்ல.”

குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்த ஒன்பதாம் மெஷின் எழிலரசிக்கு எல்லாம் கேட்டது. சேதி சொன்னவள் ஜெஸி, பக்கத்து மெஷின். ஊசியில் நூல் ஏறாவிட்டால் நுனியை வாயில் வைத்து ஈரமாக்கி இவளுக்குக் கோத்துத் தருகிறவள்.

ஆம்பூர்ப் பக்கம் ஷூவுக்கு மேல்தோல் தைக்கிற கம்பெனி அது. காலையில் எய்ட்ஸ் பரிசோதனைக்கு வேன் வந்திருந்தது. விருப்பமுள்ளவர்கள் மட்டும் வரலாம் என்றார்கள். சூப்பர்வைசர் கோவிந்தசாமி வரிசை வரிசையாக எழுப்பி அனுப்பினார். பெயர் எழுதவில்லை, நம்பர்தான். ஆனால் அந்தச் சிவப்பு ஸ்டிக்கர்! செக்கிங் மேஜையில் பழுதான தோலில் ஒட்டுகிற அதே நிறம். அதற்கு வேறு அர்த்தம் இருக்கலாம் என்று அங்கே ஒருத்திக்கும் தோன்றவில்லை. எழிலரசிக்கும்தான்.

மத்தியானம் ஜெஸி, இருவருக்கும் பொதுவாகக் கிடந்த தன் கத்தரியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். எழிலரசி தன் நூலைத் தானே கோத்துக்கொண்டாள்.

“நாளையிலர்ந்து பேக்கிங் போம்மா” என்றார் கோவிந்தசாமி.

“ஏன் சார்?”

“ஊசி கைல குத்துற வேலை. அப்புறம் பேஜாரு.”

வீட்டில் புருஷன் அருணகிரி சாப்பிட்டுக்கொண்டிருந்தான். கல்கத்தாவிலிருந்து தோல் ஏற்றி வருகிற லாரி அவனுடையது. குழம்பில் உப்பு கம்மி என்றாலே தெருவுக்குக் கேட்கும்படி கத்துகிறவன்.

“நீ போற வழியில தப்பா எங்கனா போனியா?” என்றாள் எழிலரசி.

அவன் கத்தவில்லை. பாதிச் சோற்றில் கையை உதறினான்.

“யார் இன்னா சொன்னாங்க?”

“யாரும் சொல்லல. நான்தான் கேக்குறேன்.”

அவன் லாரியிலேயே போய்ப் படுத்துக்கொண்டான். மெஷினை நிறுத்திய பிறகும் விரல்களில் அதிர்வு ஓடுமே, அதுபோல அவன் திருப்பிக் கேட்டது அவளுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. போகவில்லை என்று அவன் சொல்லவே இல்லை.

மறுபடி வேன் வந்தபோது நர்ஸ் ஜெயபுஷ்பம் அவளைத் தேடி பேக்கிங்குக்கே வந்தார். என்ன சொல்கிறார் என்று கேட்க ஜெஸியும் பின்னாலேயே வந்து நின்றாள்.

“உனக்கு நரம்பே கிடைக்கலம்மா. டியூபுல ரத்தம் கம்மி. திரும்ப எடுக்கணும்னு அடையாளத்துக்கு ஒட்டுனேன். இன்னும் டெஸ்ட்டே பண்ணல.”

“பாத்தியாடி, ரிஜெக்ட் இல்ல, வெறும் ரிப்பேருதான்!” ஜெஸி அவள் தோளில் கை போட்டாள். “நான் அப்பவே நினைச்சேன். வா, சார்கிட்ட சொல்லி உன் மெஷின வாங்கிக்கலாம்.”

“நீ போ, வர்றேன்.”

எழிலரசி சிரிக்கவில்லை. ஜெஸி கதவைத் தாண்டும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். ஜெயபுஷ்பம் பஞ்சை எடுத்ததும் நீட்டிய கையை இழுத்துக்கொண்டாள்.

“சிஸ்டர், எங்கூட்டுக்காரரு நாளைக்கு கல்கத்தா கிளம்புறாரு. அதுக்குள்ள அவரு ரத்தத்தையும் எடுத்துடுறீங்களா? சக்கரைக்குப் பாக்குறோம்னு எதனா சொல்லி…”