செய்து பார்த்தபின் எழுதியது

சனோபர் சம்பளமில்லாத வேலை ஒன்று பார்த்துவந்தாள். கைபேசியில் குரல் பதியும் ஓப்பன் சோர்ஸ் செயலி ஒன்றுக்குத் தமிழில் உதவிப் பக்கங்கள் எழுதும் வேலை. எந்தப் பொத்தானை அழுத்தினால் என்ன ஆகும் என்று படிப்படியாகச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். காலணா கிடைக்காது. செஞ்சியில் யாரிடம் சொன்னாலும், பொழுது போகாதவள் என்றுதான் நினைப்பார்கள். உண்மையும் அதுதான். புருஷன் காலித் போனபின் அவளுக்குப் பொழுது போகவே இல்லை.

மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, வாங்க அவலூர்பேட்டைக்குப் போனவன், அங்கேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டான். அவனுக்கு டைப் அடிக்கச் சோம்பல். எதையும் அந்தச் செயலியில் பேசித்தான் அனுப்புவான். அன்று காலையும் ஏதோ பேசியிருக்கிறான், அனுப்பவில்லை. வீட்டுக்குத் திரும்பி வந்த போனில் அது கடைசிப் பதிவாகக் கிடந்தது. சனோபர் அதைத் திறக்கவில்லை. ஜனாஸாவை அடக்கம் செய்த அன்றும் அவள் அழவில்லை, பிறகும் அழவில்லை. மனசு மரத்துக் கிடந்தது. அந்தக் குரலைக் கேட்டால் அழுகை வந்துவிடும் என்று நம்பினாள். அழத் தைரியம் வரும் நாளுக்காக அதைப் பத்திரமாக வைத்திருந்தாள்.

உதவிப் பக்கங்களைச் சரிபார்க்கும் பூங்குழலி கோயம்புத்தூர்க்காரி. காலித் போய் ஒரு வருஷம் ஆக ஒரு நாள் இருக்கும்போது, எழுதுகிறவர்கள் குழுவுக்கு அவளிடமிருந்து செய்தி வந்தது. 'எல்லாவற்றையும் நீக்குதல்' பக்கத்தில் உள்ள படங்கள் பழைய போன்களோடு ஒத்துப்போகவில்லையாம். பழைய போன் வைத்திருப்பவர்கள் யாராவது செய்து பார்த்துப் படம் எடுத்துத் தர முடியுமா என்று கேட்டிருந்தாள். சனோபர் பீரோவைத் திறந்து காலித்தின் போனை எடுத்து சார்ஜ் போட்டாள்.

செய்து பார்க்காததை எழுதக்கூடாது என்பது அந்தக் குழுவின் சட்டம். அந்தப் பக்கத்தை எழுதியவளே அவள்தான். 'நீக்கியவை குப்பைத்தொட்டியில் இருக்கும், வேண்டும்போது மீட்டுக்கொள்ளலாம்' என்று அதில் ஒரு வரி. தன் புதுப் போனில் மட்டும் பார்த்துவிட்டு எழுதிய வரி அது. காலித்தின் பதிவுகளையெல்லாம் தேர்ந்தெடுத்தபோது விரல் ஒரு கணம் நின்றது. மீட்டுக்கொள்ளலாம்தானே என்று அழுத்திவிட்டாள். வேறு யாராவது எழுதியிருந்தால் நம்பியிருக்க மாட்டாள். தன் எழுத்தின் மேல் அப்படி ஒரு நம்பிக்கை, பைத்தியக்காரிக்கு.

படங்களை எடுத்து முடித்துக் குப்பைத்தொட்டியைத் தேடினாள். பழைய போனில் இருந்த செயலியில் அப்படி ஒன்று இல்லவே இல்லை.

எங்கெங்கோ தேடிப் பார்த்துவிட்டு, கம்ப்யூட்டரைத் திறந்து தன் வரியைத் திருத்தினாள். 'பழைய போன்களில் குப்பைத்தொட்டி கிடையாது. நீக்கியதை மீட்க முடியாது.' செய்து பார்த்தீர்களா என்று பூங்குழலி வழக்கம்போலக் கேட்டாள். பார்த்தேன் என்று பதில் போட்டாள். எத்தனையோ பேருக்கு உதவும் என்று பூங்குழலி நன்றி சொன்னாள்.

மறுநாள் காலித்துக்கு வருஷ ஃபாத்திஹா ஓதினார்கள். சாயங்காலம் அசர் தொழுதுவிட்டு மாமியார் பக்ருன்னிசா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். போனில் மகன் குரல் இருப்பது அவருக்கும் தெரியும். இத்தனை நாள் கேட்கத் துணிவில்லை, இன்று போடச் சொன்னார்.

"அது போயிடுச்சி மாமி. நாந்தான் தெரியாம அழிச்சிட்டேன்."

மாமி திட்டவில்லை. போனை வாங்கி முந்தானையால் துடைத்தார்.

"போவுது வுடு. தெனம் காதுல மாட்டிக்கினு நீ கேட்டுக்கினுதான இருந்த? உனுக்கு மனப்பாடமா இருக்கும். எம்புள்ள இன்னா பேசினான்னு நீயே சொல்லு, போதும்."

சனோபர் இயர்போன் மாட்டுவது திருவண்ணாமலை ரோட்டு பஸ் ஹாரன் கேட்காமல் இருக்கத்தான். அதில் எதுவும் ஓடாது.

"நான் ஒரு நாளும் அதக் கேக்கல மாமி," என்றாள்.

மாமி வாய்விட்டு அழுதார். சனோபருக்கு அப்போதும் அழுகை வரவில்லை.