சிவப்பு இடது, பச்சை வலது

எழுபத்து நான்காம் வருஷம் ஐப்பசி மாதம் கொளவாய் ஏரியில் தேசப்பன் செத்துப்போனான். அவன் படகில் வந்து மோதியது தாமோதரனின் படகு. சாந்தாவுக்குத் தேசப்பன் புருஷன், தாமோதரன் உடன்பிறந்த அண்ணன்.

அந்த வருஷம் நல்ல மழை. ஏரி கரை தொட்டு நின்றது. அக்கரைக் குப்பத்திலிருந்து செங்கல்பட்டுக்குப் பால் கொண்டுவரும் பெண்களை ஏற்றிவந்து இறக்குவது தேசப்பனின் தொழில். தாமோதரன் தன் படகில் விறகும் வைக்கோலும் ஏற்றுவான். அன்று பொழுது சாயும் நேரத்தில் தூறல் பிடித்துக்கொண்டது. தேசப்பன் தனியாகத் திரும்பிக்கொண்டிருந்தான். அவனிடமிருந்த அரிக்கேன் விளக்கு காற்றில் அணைந்துவிட்டது. தாமோதரனின் படகில் விளக்கே கிடையாது. படகின் மூக்கு தேசப்பனின் தலையில் அடித்து, அவன் தண்ணீரில் விழுந்தான். தாமோதரன் குதித்து, முங்கி முங்கித் தேடி, கரைக்குத் தூக்கிவந்தான். உயிர் இல்லை.

விபத்து என்று எழுதிக்கொண்டு போலீஸ் போய்விட்டது. ஊரில் யாரும் தாமோதரனைக் குற்றம் சொல்லவில்லை. சாந்தாவும் சொல்லவில்லை. ஆனால் இழவு வீட்டு வாசலில் அவன் வந்து நின்றபோது, அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவன் ரொம்ப நேரம் நின்றான். பிறகு போனான். கொஞ்ச நாளில் படகை விற்றுவிட்டு, கடல் வேலைக்காகச் சதுரங்கப்பட்டினம் போய்விட்டான் என்று கேள்விப்பட்டாள்.

தேசப்பனின் படகு கரையில் கவிழ்ந்து கிடந்தது. பால்காரப் பெண்கள் ஏரியைச் சுற்றி நடந்தார்கள். பாதி நாட்களில் அவர்கள் வந்து சேர்வதற்குள், பாலை ஏற்ற வேண்டிய ரயில் போய்விடும். அவர்களில் ஒருத்தியான ஞானம்மாள் ஒருநாள் சாந்தாவிடம் வந்தாள்.

"படக யாருக்கினா குட்த்துடேம்மா. நாங்க நடந்து நடந்து சாவறோம்."

"குடுக்க மாட்டேன். நானே ஓட்றேன்" என்றாள் சாந்தா.

ஞானம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். சாந்தா இதே ஏரியில் மீன் பிடித்த ஒருவரின் மகள். துடுப்பு அவளுக்குப் புதிதல்ல. புருஷன் போன தண்ணீரில் இறங்குவதுதான் புதிது. முதல் நாள் நடு ஏரிக்கு வந்ததும் அவள் கை நின்றுவிட்டது. படகிலிருந்த பெண்கள் காத்திருந்தார்கள். அவளாகவே மறுபடி துடுப்பைப் போட்டாள்.

அடுத்த வருஷத்து மழைக்காலம் நெருங்கியது. இருட்டுவதற்கு முன்னால் கடைசி நடையை முடிக்க முடியாது. விளக்கு வேண்டும். செங்கல்பட்டு பஜாரில் ஒரு கடைக்குப் போய் நின்றாள். கடைக்காரர் ஓர் அரிக்கேனை ஏற்றிக் காட்டினார். அவள் அங்கேயிருந்த சொம்பிலிருந்து ஒரு கை தண்ணீரை எடுத்து அதன்மேல் தெளித்தாள். சூடான கண்ணாடி பட்டென்று விரிந்தது.

"இன்னாம்மா இது அக்கிரமமா கீது!"

"மழ இப்டித்தானேய்யா அடிக்கும்?"

பெட்ரமாக்ஸைக் கேட்டாள். படகு ஒரு குலுங்கு குலுங்கினால் அதன் வலை உதிர்ந்துவிடும் என்று அவரே சொன்னார். உடைந்த கண்ணாடிக்குக் காசு வாங்காமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் யார் என்று அவருக்கு இப்போது தெரிந்திருக்க வேண்டும்.

"இதெல்லாம் வூட்ல மாட்ற வெளக்கும்மா. கடல்ல போறவங்க இன்னா வச்சிகினு போறாங்கன்னு போய்ப் பாரு."

மறுநாள் மகள் சியாமளாவை ஞானம்மாளிடம் விட்டுவிட்டு, திருக்கழுக்குன்றம் வழியாகச் சதுரங்கப்பட்டினம் போகும் பஸ்ஸில் ஏறினாள். மலைக்குப் போகிறவர்கள் அங்கே இறங்கியபோது, நாமும் இறங்கித் திரும்பிவிடலாமா என்று நினைத்தாள். இறங்கவில்லை.

சதுரங்கப்பட்டினத்தில் இடிந்த கோட்டைச் சுவரைத் தாண்டி மணலில் நடந்தபோது, வலையை உதறிக்கொண்டிருந்த தாமோதரன் அவளைப் பார்த்துவிட்டான். வலை கையிலிருந்து நழுவியது. ஆள் இளைத்துப் பாதியாகியிருந்தான்.

"பாப்பா எப்டி கீது?"

"நல்லா கீது." அவள் கடலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "படகுக்கு வெளக்கு வோணும். நான்தான் ஓட்டிகினு கீறேன்."

அவன் நழுவிய வலையை ஓரமாகச் சுருட்டி வைத்தான். பிறகு முன்னால் நடந்தான்.

உடைத்த படகுகளின் சாமான்களை விற்கும் முத்துசாமியின் கொட்டகையில் விளக்குகள் குவிந்து கிடந்தன. சாந்தா ஒரு தகர விளக்கை எடுத்தாள். லேசாக இருந்தது.

"அது வாணாம்" என்றான் தாமோதரன். "ஏரித் தண்ணில உப்பு இல்லன்னு இத்த வாங்கிகினு போவாங்க. உப்பு இல்லாட்டியும் ஈரம் ஈரந்தான். ரெண்டு மழைக்கு அடி ஓட்டையாயிடும்."

"பாட்ரி வெளக்கு?"

"நடுத் தண்ணில தீந்துட்ச்சின்னா இன்னா பண்ணுவ? கெரசின்னா உனுக்கே பாக்கத் தெரியும்."

கடைசியில் பித்தளையில் செய்த இரண்டு விளக்குகளை எடுத்து வைத்தான். ஒன்றில் சிவப்புக் கண்ணாடி, இன்னொன்றில் பச்சை. கண்ணாடி இரண்டும் விரல் தடிமன் இருந்தன. ஏற்றி, கடற்காற்றுக்கு எதிரே பிடித்து ஆட்டிக் காட்டினான். தண்ணீரை வாரி அடித்தான். சுடர் நடுங்கியது, அணையவில்லை. கண்ணாடியும் விரியவில்லை.

"ஒண்ணு போதாதா? எதுக்கு ரெண்டு?"

அவன் சிவப்பை இடது கையிலும் பச்சையை வலது கையிலும் தூக்கிப் பிடித்தான்.

"ஒண்ணு இருந்தா படகு கீதுன்னுதான் தெரியும். எந்தப் பக்கம் போவுதுன்னு தெரியாது. இடது பக்கம் செவப்பு, வலது பக்கம் பச்ச. அத்த வச்சி எதிர்ல வர்றவன் ஒதுங்கிக்குவான்." விளக்குகளைப் பார்த்தபடியே சொன்னான். "அன்னிக்கு மாப்ள என்னக் கூப்ட்டாரு, சாந்தா."

அவள் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள்.

"நான் பாடிகினு வந்தேன். என் கொரல வச்சி கண்டுகினாரு. 'மச்சான்!'னு ஒரு சத்தம். சந்தோசமாத்தான் கூப்ட்டாரு. தண்ணி மேல கொரல் எங்கேர்ந்து வர்துன்னு தெர்ல. நான் சோத்துக்கைப் பக்கம் ஒதுங்கினேன். அவரு பீச்சாங்கைப் பக்கம் ஒதுங்கிட்டாரு. எதிரும் புதிருமா வந்தா அது ரெண்டும் ஒரே பக்கந்தானே."

சாந்தா அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டாள். புருஷன் பயந்து அலறிச் செத்தான் என்றுதான் இத்தனை மாதமும் நினைத்திருந்தாள். மச்சானைக் கண்ட சந்தோஷத்தில் கூப்பிட்டிருக்கிறான். அதுதான் அவளால் தாங்க முடியாததாக இருந்தது. முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு அழுதாள். தாமோதரன் இரண்டு விளக்குகளையும் கையில் பிடித்தபடி தள்ளியே நின்றான்.

சனிக்கிழமை அவன் விளக்குகளைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு செங்கல்பட்டுக்கு வந்தான். கரையில் இழுத்துப் போட்டிருந்த படகில் மாட்டினான். ஒரு பக்கத்து வெளிச்சம் மறுபக்கம் தெரியாதபடி குறுக்கே பலகை அடித்தான். பின்பு இரண்டு பேருமாகப் படகைத் தண்ணீரில் தள்ளினார்கள்.

"ஏறு" என்றாள் சாந்தா.

முழங்கால் தண்ணீர் வரை வந்தான். படகின் விளிம்பில் கையை வைத்தான். அதற்கு மேல் அவன் கால் எழவில்லை.

"என்னால முடில. நீ போய்ட்டு வா. நான் இங்கேர்ந்து பாக்கறேன்."

அந்தி கவிந்துகொண்டிருந்தது. அவள் தனியாகத் துடுப்புப் போட்டாள். படகைத் திருப்பும்போதெல்லாம் கரையிலிருந்து அவன் குரல் வந்தது.

"பச்ச தெர்து!"

திருப்பினாள்.

"செவப்பு தெர்து!"

அடுத்த தடவை குரல் பாதியில் உடைந்தது. அவள் திரும்பி வந்தபோது, தண்ணீரில் நின்றபடியே முகத்தைக் கழுவிக்கொண்டிருந்தான். வீட்டுக்கு வரச் சொன்னாள். கடைசி பஸ் போய்விடும் என்று கிளம்பிவிட்டான்.

அந்த மழைக்காலத்திலேயே ஏரியில் மற்றவர்களும் ஆளை அனுப்பி முத்துசாமியிடம் விளக்கு வாங்கிவந்தார்கள். பித்தளைதான் வேண்டும் என்று சாந்தா எல்லாரிடமும் கண்டிப்பாகச் சொன்னாள். தாமோதரன் மட்டும் ஏரிப் பக்கம் வரவேயில்லை.

தை மாதம் சியாமளாவுக்குக் காது குத்து. தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்த வேண்டும். திருக்கழுக்குன்றத்தில் வைத்துக்கொண்டால் அவன் வருவான் என்று சாந்தா நினைத்தாள். வந்தான். புதுத் துணியும் கம்மலும் கொண்டுவந்திருந்தான். ஆனால் குழந்தையைத் தொடாமல் ஓரமாக நின்றான்.

"உக்காருண்ணே" என்று சொல்லி, சாந்தாவே குழந்தையைத் தூக்கி அவன் மடியில் வைத்தாள். ஊசி ஏறியதும் சியாமளா வீறிட்டு அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அவன் அவளைவிட அதிகமாக அழுதான். கூட இருந்தவர்கள் வேறு பக்கம் பார்த்தார்கள்.

சாப்பிட்டு முடித்து பஸ்ஸுக்கு நின்றபோது சாந்தா அவன் பக்கத்தில் போனாள்.

"அண்ணே, உம்மேல எனுக்குக் கோவமெல்லாம்…"

"வாணாம் சாந்தா. சொல்லாத." அவன் கையெடுத்துக் கும்பிட்டான். "நீ திட்னாக்கூட தாங்கிக்குவேன். இத்த தாங்க மாட்டேன்."

முதலில் செங்கல்பட்டு பஸ் வந்தது. குழந்தையோடு ஏறி ஜன்னல் ஓரம் உட்கார்ந்தாள். அவன் சதுரங்கப்பட்டினம் பஸ் வரும் திசையைப் பார்த்தபடி ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் போய் நின்றான். சியாமளா கையை ஆட்டினாள். அவன் திரும்பவில்லை.