பச்சைப் புள்ளி

ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய மறுநாள், மூப்பர் மரினுஸ் வீடியோவில் கூப்பிட்டார். வீட்டுச் சந்திப்பாம்! ஹாலந்தின் கடலோரத்தில், எங்கள் ஸேலாந்துச் சபையில் மூப்பர் என்றால் நேரில் வருவார், காப்பி குடிப்பார், ஆத்துமா எப்படி இருக்கிறது என்று கேட்பார். இப்போது அதையும் கண்ணாடிக்குள் அடைத்துவிட்டார்கள்.

"மினாக்கா, உங்களைப் பத்திதான் போதகர்கிட்ட பெருமையா சொல்லிட்டிருந்தேன். ஆன்லைன் ஆராதனையில ஒரு ஞாயிறுகூடத் தப்பலையே! உங்க பேர் பக்கத்துல பச்சைப் புள்ளி டாண்ணு வந்து நிக்குது."

"எந்த ஞாயிறு தம்பி?"

"போன வாரம், அதுக்கு முந்தின வாரம், எல்லா வாரமும்தான்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த இரண்டு ஞாயிறும் நான் பித்தப்பையை எடுத்துவிட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தேன். பக்கத்துக் கட்டில்காரிக்கு ஆள் மாற்றி ஆள் பூவோடு வந்தார்கள். எனக்கு ஒரு ஈ காக்கை எட்டிப் பார்க்கவில்லை. ஒரு போன் செய்திருக்கலாம்தான். கூப்பிட்டு வரவழைத்தால் அது தேடி வந்ததாகுமா? என் பெயரைக் காணாமல் யாராவது பதறி வரட்டும் என்று வீம்பாக வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

என் பெயர் காணாமல் போகவே இல்லை! இடுப்பு வலியால் நான் கோவிலுக்குப் போவதை நிறுத்தியபோது, மரினுஸ்தான் ஒரு டேப்லெட்டைக் கொண்டுவந்து, ஆராதனை நேரத்துக்குத் தானாகத் திறக்கும்படி வைத்துக்கொடுத்தார். நான் அங்கே கிடக்க, அது என் சமையலறை மேசையில் பிரசங்கம் கேட்டிருக்கிறது.

"ஆராதனைக்கு வந்தது டேப்லெட்தான் தம்பி. அதுக்குப் பரலோகம் நிச்சயம். நான் ஆஸ்பத்திரில இருந்தேன்."

அவர் முகம் வெளுத்துப்போனது. "ஐயோ அக்கா! புள்ளி பச்சையா இருந்துச்சே..."

"புள்ளியைப் பாத்தீங்க. சரி."

அழைப்பைத் துண்டித்துவிட்டு அழுதேன். செத்திருந்தாலும் பச்சையாகத்தான் இருந்திருப்பேன் என்று நினைத்து நினைத்து அழுதேன்.

ஞாயிற்றுக்கிழமை அந்தச் சனியன் தானாகவே திறந்துகொண்டது. பெயர்கள் வரிசையாக வந்தன. என் பெயருக்குக் கீழே எப்போதும் போல கிரைன். கோவிலில் எனக்கு முன் பெஞ்சு அவருக்கு. போதகர் பிரசங்கத்தைத் தொடங்கியதும் திரும்பி எனக்கொரு பெப்பர்மிண்ட் நீட்டுவார். குளிர்காலத்தில் அவர் மனைவி லேனா இறந்தபோது, கைகூப்பும் படம் ஒன்றை அனுப்பினேன். அதன்பிறகு வாராவாரம் அவருடைய பச்சைப் புள்ளியைப் பார்த்து, மனுஷன் நன்றாக இருக்கிறார் என்று நிம்மதியாக இருந்துவிட்டேன்.

சுருக்கென்றது. மரினுஸை வைத வாய் தானாக மூடிக்கொண்டது.

கோட்டை மாட்டிக்கொண்டு, ஊன்றி நடக்கும் தள்ளுவண்டியைப் பிடித்தபடி கடலணை ஓரமாகவே நடந்தேன். காற்று ஆளைத் தள்ளியது. கிரைன் ஜன்னலருகே தெருவைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து கதவைத் திறந்தார். மேசையில் டேப்லெட் ஓடிக்கொண்டிருந்தது. போதகரின் வாய் அசைந்தது, சத்தம் மட்டும் இல்லை.

"சத்தத்தைக் காணோமே?"

"நான்தான் குறைச்சு வெச்சேன். லேனா இல்லாம அந்தப் பாட்டெல்லாம் கேக்க முடியலை மினா."

"பின்ன எதுக்குத் திறந்து வெச்சிருக்கீங்க?"

"பேரு வரணும்ல?" என்றார். "வந்தா யாராவது பாப்பாங்க. பாத்தா, கிரைன் எப்படி இருக்கான்னு ஒரு எட்டு வந்து விசாரிப்பாங்கன்னு நெனச்சேன்."

"நான் பாத்தேன் கிரைன். ஒவ்வொரு வாரமும் பாத்தேன்."

"நானும்தான் பாத்தேன். நீயும் பச்சையாத்தான் இருந்தே."

கொக்கியில் தொங்கிய கோட்டின் பையிலிருந்து பெப்பர்மிண்ட் சுருளை எடுத்தார். குளிர்காலத்திலிருந்து அது பிரிக்கப்படவே இல்லை.